திறைசேரிக்காரர் தந்த பதினொரு தாள்கள்

அன்புள்ள மகனுக்கு,

சனிக்கிழமையிலிருந்து நீ இந்த வீட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறாய். கூரையறைக்குள் ஏறிப் பழைய சூட்கேசுகளை எல்லாம் இறக்கிவிட்டாய். படிக்கட்டுக்குக் கீழே உள்ள அலுமாரியிலிருந்து அப்பாவின் குளிர்ச்சட்டைகளை எடுத்து, ஒவ்வொரு பையாகக் கைவிட்டுப் பார்த்தாய். இரண்டு தடவை குரோய்டனுக்குப் போய் உன் வீட்டையும் தேடிவிட்டு வந்தாய். தேடுவதை விடு தம்பி. அந்தப் பதினொரு தாள்களும் இங்கே இல்லை, அங்கேயும் இல்லை. எங்கே போயின என்று எனக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்று நாள் உனக்குத் தேநீர் ஊற்றித் தந்தேன், ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். அதற்குள் இதை எழுதி முடித்து உன் பையில் வைத்துவிடுவேன். தமிழில்தான் எழுத வரும். நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த அளவுக்கு எழுத்துக்கூட்டி வாசிப்பாய். மெதுவாக வாசி. நீண்ட பயணம்தானே.

இதன் பிரதி ஒன்றை நம் ஆட்களின் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். ஏன் என்று கடைசியில் உனக்கே விளங்கும். அந்த நாட்டின் பெயரையும் அந்த மனிதரின் பெயரையும் எழுதவில்லை. அவருடைய மனைவியும் மகளும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நீ அவரை 'ட்ரெஷரி அங்கிள்' என்பாய். நான் திறைசேரிக்காரர் என்றே எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் நீ அந்த வேலையைப் பற்றி முதன்முதலில் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மன்னராட்சி நடக்கிற ஒரு சின்ன நாடு. கடன் பத்திரம் விற்றுக் காசு திரட்ட லண்டனுக்கு வந்திருக்கிறது. அதற்கு முன் அந்த நாட்டின் வரவுசெலவுப் புத்தகம் சரிதானா என்று பார்த்துக் கையெழுத்து வைக்கிற குழுவில் என் மகனும் ஒருவன். பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் என்னோடு வேலை செய்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். "அம்மா, கிங் எண்டா பெரிய ஆள் இல்லை. அவரும் லோனுக்குத்தான் வந்து நிக்கிறார்" என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குப் பத்து வருடம் சரித்திரம் படிப்பித்தவள் நான். கடனுக்கு வந்து நிற்கிற மன்னர்களைப் பற்றி மட்டும் ஒரு தவணை முழுக்கப் படிப்பித்திருக்கிறேன். அது இந்த வீட்டு வாசலுக்கு வரும் என்று நினைக்கவில்லை.

அந்த நாட்டின் திறைசேரி அதிகாரியான அவர் நம் வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கூட்டங்களுக்காக லண்டன் வந்திருந்தவரை, ஹோட்டல் சாப்பாடு ஒத்துவரவில்லை என்று கிங்ஸ்பரிக்கு நீதான் கூட்டிவந்தாய். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். நீரிழிவுக்காரர். கோட்டைக் கழற்றாமலே இருந்தார். நான் இடியப்பமும் சொதியும் மீன்குழம்பும் வைத்தேன். குழம்பு உறைப்பு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். நான் என்ன வேலை செய்தவள் என்று கேட்டார். சரித்திர ஆசிரியை என்றேன். எந்தச் சரித்திரம் என்றார். பிரெஞ்சுப் புரட்சி என்றதும் கையில் இருந்த இடியப்பத்தைத் தட்டில் வைத்துவிட்டார். அவர் பேசியது ஆங்கிலத்தில். நான் அதை என் தமிழில் எழுதுகிறேன்.

"அந்த மன்னருக்குக் கடன் எப்பிடி வந்தது? நீங்கள் பிள்ளைகளுக்கு என்னெண்டு சொல்லிக் குடுப்பியள்?"

வகுப்பில் சொன்னதைத்தான் சொன்னேன். அயல்நாட்டுச் சண்டைகளுக்குக் கடன் வாங்கினார்கள். அந்தக் கடனுக்கு வட்டி கட்ட இன்னும் கடன் வாங்கினார்கள். கடைசியில் வருமானத்தில் பாதி வட்டிக்கே போயிற்று. பெரிய காணிகள் வைத்திருந்த பிரபுக்களும் தேவாலயமும் பெரும்பாலான வரிகளிலிருந்து தப்பிக்கொண்டார்கள். பாண் வாங்கக் காசில்லாதவன் வரி கட்டினான். அடுத்த வருட வரியை இந்த வருடமே சிலரிடம் முற்பணமாக வாங்கிச் செலவழித்தார்கள். வருகிற மந்திரிகள் ஒவ்வொருவரும் பிரபுக்களும் வரி கட்டவேண்டும் என்றார்கள். பிரபுக்கள் மாட்டோம் என்றார்கள். மன்னர் மந்திரியை மாற்றினார்.

"கணக்குப் புத்தகம் அச்சடிச்ச மந்திரியைப் பற்றிச் சொல்லேல்லையே" என்றார் அவர்.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு நிதி மந்திரி, அதுவரை இரகசியமாக இருந்த அரச கணக்கை முதன்முதலாக அச்சிட்டு வெளியிட்டார். சனங்கள் கதைப்புத்தகம் மாதிரி வாங்கி வாசித்தார்கள். அதில் செலவை விட வரவு கூட என்று இருந்தது. சண்டைக்கு வாங்கிய கடன் அதில் இல்லை. வாசித்தவர்கள் நம்பினார்கள், மேலும் கடன் கொடுத்தார்கள். இதை நான் சொல்லி முடித்ததும் அவர் உன்னைப் பார்த்தார். நீ தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிறகு அவர்தான் கதைத்தார். தங்கள் மன்னர் கெட்டவர் இல்லை என்றார். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஏதாவது ஒரு மாவட்டத்தின் தண்ணீர்க் கட்டணத்தை மன்னித்துவிடுவாராம். சனங்கள் வாழ்த்துவார்களாம். அடுத்த நாள் காலையில் இவர் போய்த் தண்ணீர்ச் சபையின் பெயரில் கடன் எடுப்பாராம். மன்னரின் சகோதரர்களுக்கும் மைத்துனர்களுக்கும் வரி இல்லை. அரண்மனைத் திருத்தவேலை, ஆஸ்பத்திரி கட்டுகிற செலவுக்குள் போகும். துறைமுகத்துக்கு இன்னும் வராத கப்பல்களின் கட்டணத்தை அடகு வைத்துத்தான் இராணுவத்துக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், அதைமட்டும் ஒரு நாளும் பிந்தவிடுவதில்லை. "என்ர மகள் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில ரீச்சர். உங்களை மாதிரி. அஞ்சு மாசமாச் சம்பளம் இல்லை. சம்பளப் பட்டியல் போடுறவன் நான். ஒவ்வொரு மாசமும் அவளின்ர பேரைப் பட்டியலில எழுதுறன். எழுதிப்போட்டு, காசில்லை எண்டு நானே திருப்பி அனுப்புறன்."

மகள் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். "என்னோட கதைக்கிறேல்லை" என்றார்.

போகும்போது கோட்டின் உட்பையிலிருந்து ஒரு மஞ்சள் உறையை எடுத்து உன்னிடம் தந்தார். மின்னஞ்சலில் அனுப்பமுடியாது, எல்லாவற்றையும் வாசிக்கிறார்கள் என்றார். கையாலே எழுதிய பதினொரு தாள். வெளியிடப்போகிற புத்தகத்தில் இல்லாத கடன்கள் முழுவதும் அதில் இருக்கின்றன என்றார். எந்தச் சபையின் பெயரில், யாருடைய உத்தரவில், காசு எங்கே போனது, எல்லாம். "நீங்கள் இதைப் பாவிக்கலாம், விடலாம். ஆனா வைச்சிருங்கோ. உனக்கு என்ன தெரியும், நீ என்ன செய்தனி எண்டு ஒரு நாளைக்கு ஆரும் என்னைக் கேட்டால், நான் காட்டுறதுக்கு இதுதான் இருக்கு. அங்க வைச்சிருக்க ஏலாது."

வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டார்: "உங்கட பிரான்ஸில திறைசேரியில என்னை மாதிரி ஒரு ஆள் இருந்திருப்பான்தானே. அவனுக்கு என்ன நடந்தது?" கிளார்க்குகளின் பெயரைப் புத்தகத்தில் எழுதுவதில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். மன்னருக்காக வரி வசூலித்தவர்களைப் பிறகு கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள் என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. ஒரு டப்பாவில் மீன்குழம்பு கட்டிக் கொடுத்தேன்.

அந்தத் தாள்களை நீ உன் மேலதிகாரியிடம் காட்டினாய். கையெழுத்தில்லாத, முத்திரையில்லாத கடதாசிகளை நாங்கள் பார்க்கமுடியாது, இதை அலுவலகத்தில் வைத்திருக்கவும் வேண்டாம், நீ காட்டவும் இல்லை நான் பார்க்கவும் இல்லை என்று அவர் சொன்னார். நீ உறையைத் திருப்பி இங்கே கொண்டுவந்து, உன் பழைய அறையின் அடி இழுப்பறையில் வைத்தாய். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் குசினிக்குள் வந்து நின்றாய். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நீ கேட்டது எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது.

"அம்மா, அந்த ரிப்போர்ட்டில நான் திங்கள் சைன் பண்ணவேணும். பண்ணாட்டி டீமில இருந்து எடுத்துப்போடுவினம். அப்பா எண்டா என்ன செய்திருப்பார்?"

அப்பா என்றால் என்ன செய்திருப்பார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ கேட்டது அவரையல்ல, என்னைத்தான். அதற்கு முதல் அவருடைய கதையை நான் உனக்கு ஒருநாளும் ஒழுங்காகச் சொல்லவில்லை என்பதையும் ஒத்துக்கொள்ளவேண்டும். உனக்குத் தெரிந்தது, அப்பா ஊரில் எதிலோ கையெழுத்து வைக்க மறுத்தார், வந்துவிட்டோம் என்பது மட்டும்தான். நடந்தது இது. அவர் கச்சேரியில் தலைமை எழுதுவினைஞர். கச்சேரி என்றால் மாவட்டத்து அரச அலுவலகம். இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடங்களில் படுத்திருந்த சனத்துக்குக் கொடுக்கவேண்டிய அரிசி, மா, சீனிக்கு அவர்தான் பட்டியல் வைத்திருந்தார். ஒரு தடவை மூன்று லொறிச் சாமான் சனத்திடம் வந்து சேரவே இல்லை. வந்து சேர்ந்தது என்று அவர் கையெழுத்து வைக்கவேண்டும். பலம் உள்ளவர்கள் வீட்டுக்கு வந்து, மரியாதையாகக் கதிரையில் இருந்து, தேநீர் குடித்துவிட்டுக் கேட்டார்கள். அவர் வைக்கவில்லை. இரண்டாம் முறை வந்தவர்கள் தேநீர் குடிக்கவில்லை. நீ அப்போது என் வயிற்றில். ஒரு கிழமைக்குள் நகையை விற்று அவரை அனுப்பினேன். நீ பிறந்து பத்து மாதத்தில் நானும் வந்தேன். கச்சேரியில் இருபது பேருக்கு மேலே இருந்தவர் பெட்ரோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று சிகரெட் விற்றார். சரித்திரம் படிப்பித்த நான் பிள்ளைகள் சாப்பிட்ட தட்டுக் கழுவினேன்.

அதை அவர் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் நான்தான். வாடகை பிந்தினால், பொயிலர் பழுதானால், உன்னைப் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்ப முடியாமல் போனால், அந்த மூன்று லொறியைத்தான் இழுப்பேன். "ஒரு கையெழுத்து. உங்கட நேர்மையைச் சட்டியில போட்டுக் காய்ச்சிக் குடிக்கலாமோ?" என்று கேட்டிருக்கிறேன். உனக்கு முன்னாலும் கேட்டிருக்கிறேன். ஒரேயொரு தடவைதான் அவர் பதில் சொன்னார். "இஞ்ச பாரும், அந்தப் பள்ளிக்கூடத்தில படுத்திருந்த ஆக்களை நீர் பாக்கேல்லை. நான் பாத்தனான்." அதற்குப் பிறகு நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. இருதயத்தில் வருத்தம் வந்து அவர் படுத்திருந்த கடைசி மாதத்திலும் நான் அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க நினைத்தேன். மருந்து, நேர்ஸ், பார்க்கிங் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்துகொண்டே இருந்தது. பிறகு அவர் இல்லை.

இத்தனையும் நெஞ்சுக்குள் கிடக்கத்தான் நான் வெங்காயத்தை வைத்துவிட்டு உனக்குப் பதில் சொன்னேன். "வை. உன்ர அப்பா வைக்கேல்லை. நாங்கள் எங்க வந்து நிக்கிறம் எண்டு பார். உது ஆற்றையோ நாடு, ஆற்றையோ ராசா. உன்னோட சேர்த்து ஆறு பேர் வைக்கினம். நீ ஒருத்தன் வைக்காட்டி அந்தக் கடன் இல்லாமல் போயிடுமோ?"  "ஓக்கே அம்மா" என்றாய். திங்கட்கிழமை கையெழுத்து வைத்தாய். அந்த வருடம் வந்த போனஸில் குரோய்டனில் வீடு வாங்கினாய். அகதி விண்ணப்பத்தோடு நானும் அப்பாவும் விடியற்காலையில் வரிசையில் நின்ற ஊர் அது. உன் பல்கனியிலிருந்து ட்ராம் போவதைக் காட்டியபோது எனக்கு வாய்கொள்ளாச் சிரிப்பு. நான் சொன்னது சரி என்று நினைத்தேன் தம்பி. ஒன்றரை வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

அதன் பிறகு நடந்தது உனக்கு என்னை விட நன்றாகத் தெரியும். கடன் பத்திரம் விற்றுப்போயிற்று. அந்தக் காசு பழைய கடனின் வட்டிக்கும் இராணுவச் சம்பளத்துக்கும் போயிற்று. அடுத்த வட்டிக்குக் காசு இல்லாதபோது மாவுக்குக் கொடுத்த மானியத்தை நிறுத்தினார்கள். பாண் விலை இரண்டு மடங்கானது. ஆசிரியர்கள்தான் முதலில் தெருவுக்கு வந்தார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்காரர்கள், துறைமுகத் தொழிலாளிகள். மன்னர் தொலைக்காட்சியில் தோன்றி, நாட்டின் நிதி நிலை உறுதியாக இருக்கிறது, லண்டனிலேயே பரிசோதித்திருக்கிறார்கள் என்று ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். நீ என் சோபாவில் இருந்து அதைப் பார்த்தாய். அந்தப் புத்தகம் உங்கள் புத்தகம். நீ எழும்பிக் குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டாய். நான் வந்து கதவைத் தட்டவில்லை.

சம்பளம் ஒழுங்காக வாங்கிய இராணுவம் இரண்டு நாள் சுட்டது. மூன்றாம் நாள் சுட மறுத்தது. நிதி அமைச்சு எரிவதைக் காட்டினார்கள். அதோடு இங்கேயும் பத்திரிகைகளில் எழுதத் தொடங்கினார்கள். அந்தக் கடன் பத்திரத்தைச் சரி என்று சொன்ன லண்டன் ஆட்கள் யார், அவர்களுக்கு உண்மை தெரிந்திருந்ததா, விசாரணை வேண்டும் என்று. நான் அதை நூலகத்தில் ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். வீட்டுக்கு வந்து நேரே உன் பழைய அறைக்குப் போனேன். அடி இழுப்பறையைத் திறந்தேன்.

கட்டிலில் இருந்து பதினொரு தாளையும் வாசித்தேன். சின்னச் சின்ன எழுத்து, ஆனால் ஒரு இடத்திலும் வெட்டித் திருத்தவில்லை. தண்ணீர்ச் சபை, மின்சாரச் சபை, துறைமுகம், ஆஸ்பத்திரி நிதி, ஒவ்வொன்றுக்கும் தனித்தாள். ஓரத்தில், உத்தரவு போட்டவரின் பதவி. பல இடங்களில், 'நான் எதிர்ப்புத் தெரிவித்தேன், வாய்மூலம்' என்று எழுதியிருந்தது. கடைசித் தாளில் சம்பளம் கொடுக்கப்படாத திணைக்களங்களின் பட்டியல். அதில் ஆசிரியர்கள் முதலாவது. எனக்கு எல்லாம் விளங்கியது. வாழ்நாள் முழுக்க நான் புத்தகத்தில் படித்துப் படிப்பித்த ஒன்று, ஒரு மனிதரின் கையெழுத்தில் என் மடியில் இருந்தது. அதைவிட ஒன்றும் விளங்கியது. இந்தத் தாள்கள் இந்த வீட்டில் இருந்தால், என் மகனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதற்கு இதுதான் சாட்சி. அதற்கு மேலே நான் யோசிக்கவில்லை. அவர் ஏன் அவற்றை வைத்திருக்கச் சொன்னார் என்பது என் காதிலேயே இருந்தது. இருந்தும் யோசிக்கவில்லை. எட்டாகக் கிழித்து, பழைய பத்திரிகைகளோடு கவுன்சில்காரர் கடதாசி எடுக்கிற நீலப் பைக்குள் போட்டேன். உறையையும் கிழித்தேன். அடுத்த நாள் புதன்கிழமை. காலையில் லொறி வந்து எடுத்துக்கொண்டு போகும்வரை யன்னலில் நின்றேன். போன பிறகு நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டு நாளில் திறைசேரிக்காரரைப் பிடித்தார்கள். மன்னர் தன் விமானத்தில் இங்கே வந்து இறங்கி, லண்டனுக்கு வெளியே உயர்ந்த மதில் வைத்த ஒரு வீட்டில் இருக்கிறார். நிதி மந்திரியும் வெளிநாடு போய்விட்டார். அந்தப் பொய்ப் புத்தகத்தில் அங்கே கையெழுத்து வைத்தவர்களில் நாட்டைவிட்டு ஓடாதவர் இவர் ஒருவர்தான். புதிய ஆட்சிக்காரருக்கு யாராவது ஒருவர் வேண்டும். மன்னரோடு சேர்ந்து சனத்தின் காசைத் தின்றவன் என்று அவரைக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். அவரைக் காட்டிக்கொடுக்கவும், அடிக்கவும் முன்னுக்கு நின்றவர்களில் பலர் சம்பளம் கிடைக்காத ஆசிரியர்கள். அவர்களில் நான் குற்றம் காணமாட்டேன். மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவனுக்குப் பட்டியல் போட்டவனும் மன்னனும் ஒன்றுதான்.

அவருடைய மகள் முதல்முறை இங்கே போன் எடுத்தது உன்னிடம் இல்லை, என்னிடம். அவருடைய பழைய டயறியில் நம் வீட்டு இலக்கம் இருந்ததாம். "ஆன்ரி, அப்பா பதினொரு தாள் எழுதி லண்டனில ஒரு இடத்தில குடுத்திருக்கிறன் எண்டு சொன்னவர். அதைக் காட்டினால், அவர் எதிர்த்தவர் எண்டு தெரியும்" என்றாள். தகப்பனோடு கதைக்காமல் இருந்த பிள்ளை. இப்போது அவருக்காகச் சிறை வாசலில் நிற்கிறாள். மகன் தேடுகிறான் பிள்ளை, கிடைக்கும் என்று சொன்னேன். உன்னிடம் சொன்னது போன வெள்ளிக்கிழமைதான், அடுத்த நாளே நீ தேடத் தொடங்கினாய். வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம். அதற்கு முன் ஒவ்வொரு ஞாயிறும் அவள் போன் எடுத்தாள். ஒவ்வொரு ஞாயிறும் தேடுகிறான் என்றேன்.

நேற்று உனக்குச் சொல்லாமல் பஸ் ஏறிச் சவுத்தாலுக்குப் போனேன். அங்கே நம் ஆள் ஒரு வழக்கறிஞர் இருக்கிறார். அந்தத் தாள்களில் இருந்ததை என் ஞாபகத்திலிருந்து எழுதித் தந்தால் கோர்ட்டுக்கு உதவுமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "அக்கா, நீங்கள் எழுதித் தாங்கோ, நான் சத்தியக்கடதாசியாக்கித் தாறன். ஆனா அவையள் அதை எடுக்கமாட்டினம். கையெழுத்து வைச்ச ஆளின்ர தாய், தான் கிழிச்சுப்போட்ட கடதாசியில என்ன இருந்தது எண்டு சொல்லுறா. ஆர் நம்புவினம்?" உன் பெயரைச் சொல்லாமல் இன்னொன்றும் கேட்டேன். அந்தப் பொடியன் நேரில் போய்ச் சாட்சி சொன்னால்? "போனால் அவனையும் பக்கத்துக் கூண்டில ஏத்துவினம்" என்றார். அவர் தந்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். எழுதியும் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுப்பதும் அதனால்தான். கோர்ட் எடுக்காததை யாராவது ஒருவர் வாசிக்கட்டும். பலன் இருக்கும் என்று நினைத்து அல்ல.

நீ போகிறாய். உன் நிறுவனம் போகாதே என்றது, வேலையை விட்டுவிட்டாய். நான் போ என்றும் சொல்லமாட்டேன், நில் என்றும் சொல்லமாட்டேன். உனக்குப் புத்தி சொல்கிற தகுதியை நான் அந்தக் குசினியிலேயே தொலைத்துவிட்டேன். இருந்தாலும் தாய் என்றபடியால் சில வார்த்தை. ஏன் கையெழுத்து வைத்தாய் என்று கேட்டால் அம்மா சொன்னா என்று சொல். தாள்கள் எங்கே என்று கேட்டால் அம்மா கிழித்துவிட்டா என்று சொல். இரண்டும் பொய்யில்லை, என்னைக் காப்பாற்றவேண்டாம். அவரைப் பார்க்க விட்டால் இன்சுலின் ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று கேள். அவர் உன்னைப் பார்த்ததும் முதலில் உன் கையைத்தான் பார்ப்பார், என்ன கொண்டுவந்திருக்கிறாய் என்று. அந்த நேரத்துக்கு உனக்கு நான் எதுவும் சொல்லித்தர ஏலாது. நீண்ட காலம் பயந்து வாழ்ந்த ஆளிடம் இனி ஒருபோதும் யோசனை கேட்காதே, அது யாராக இருந்தாலும். பயம் என்னிடம் ஒருநாளும் பயம் மாதிரி வந்ததில்லை தம்பி. பிள்ளைப் பாசம் மாதிரித்தான் வந்தது.

திங்கட்கிழமை விசாரணை தொடங்குகிறது. தீர்ப்பை முதலே எழுதி வைத்துவிட்டார்கள் என்று அவர்களுடைய வழக்கறிஞரே அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். நீ போய்ச் சேர்ந்தாலும் அது மாறப்போவதில்லை என்று எனக்குத் தெரிகிறது. உனக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக இந்த ஞாயிறு நடந்ததையும் எழுதவேண்டும். அவள் போன் எடுத்தாள். நான் இந்தமுறை தேடுகிறான் என்று சொல்லவில்லை. உனக்குச் சொல்ல முதல் அவளுக்குச் சொன்னேன், நான்தான் கிழித்தேன் என்று.   பிறகு கேட்டாள்.

"ஆன்ரி, கிழிக்க முதல் வாசிச்சனீங்களோ?"

"ஓம்."

"முழுக்கவோ?"

"பதினொண்டும்."

"விளங்கினதோ?"

"நானும் ரீச்சர்தான் பிள்ளை. விளங்கினது."

அவள் குரல் உயரவே இல்லை. வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்வதுபோலச் சொன்னாள். "அப்ப உங்களுக்குத் தெரியும். உங்கட மகனுக்குத் தெரியும். மன்னருக்கும் தெரியும். அப்பா குற்றம் செய்யேல்லை எண்டு தெரிஞ்ச ஆக்கள் எல்லாரும் லண்டனிலதான் இருக்கிறியள்."

ஓம் பிள்ளை என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அம்மா